சித்தாண்டியில் தரித்த நாள்கள்: அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் நம் குழுவை விட்டு நான் மட்டக்களப்பு மாவட்டத்துச் சித்தாண்டியில் தங்கியது உங்களுக்கு வருத்தம் என்று அறிந்தேன். கால் ஆறுவதற்காகத் தங்கியவன் மாட்டுப் பண்ணையாளர்களின் பேரணியில் ஏன் நடந்தான், கதிர்காமத்துக்கு வேலின் பின்னே செல்பவனுக்கு அது தகுமா என்று நீங்கள் கேட்டீர்களாம். அதற்கு விடை சொல்லவே இதை எழுதுகிறேன்.

வாகரையைத் தாண்டும்போதே என் பாதங்களில் கொப்புளங்கள் உடைந்துவிட்டன. கச்சான் என்னும் வெப்பக்காற்று வீசும் இக்காலத்தில் தார்வீதி காலையிலேயே வெறுங்காலைச் சுடத் தொடங்கிவிடுவது உங்களுக்குத் தெரியாததல்ல. முருகன் கோயிலுக்கு அருகில் ஒரு வீட்டார் தங்க இடம் தந்து, புண்ணைக் கழுவித் துணி கட்டி, கஞ்சியும் இளநீரும் தந்து என்னைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள். திண்ணையில் கால் நீட்டிப் படுத்திருந்தபோதுதான் அவர்களுடைய குறை முழுவதையும் கேட்டேன்.

மாரியில் வயல்கள் விதைக்கப்பட்டதும் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. பயிர் அழியாமல் இருப்பதற்காகவே பட்டிகளை மேற்கேயுள்ள மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்த்துச் செல்வது வழக்கம். மகாவலி ஆற்று நீர்ப்பாசன, குடியேற்றத் திட்ட எல்லைக்குள் வரும் அந்நிலத்தில் வெளிமாவட்டத்தார் புகுந்து காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்யத் தொடங்கியதால் மேய்ச்சலுக்கான இடம் சுருங்கிவிட்டது. மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் இரைக்குள் மறைத்து வைக்கும் வாய்வெடியில் சிக்கியும் இறக்கின்றன என்று முறையிட்டுப் பயன் காணாத பண்ணையாளர்கள், 2023 செப்டம்பர் 15 அன்று சித்தாண்டி வீதியோரத்தில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அண்ணா, வழிநெடுக நமக்கு இடப்படும் அன்னதானச் சோறு விளைவதற்காகத்தான் அந்த மாடுகள் ஊரைவிட்டுப் போகின்றன. போன இடத்திலும் அவை நிற்க முடியாது என்றால், அந்தச் சோற்றையும் மோரையும் வாங்கி உண்ட நாம் பேசாமல் கடந்து செல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பேரணி நெடுந்தூரம் செல்லவில்லை. இறந்த மாடுகளின் படங்களை ஏந்திய பெண்கள் முன்னே நடந்தார்கள். நான் இரவல் செருப்புடன் கடைசி வரிசையில் மெல்ல நடந்தேன். காவி வேட்டியை மாற்றவில்லை, ஏனெனில் யாத்திரை செல்பவனாகவே அவர்களுடன் நிற்க விரும்பினேன். பால் கறக்கப் பசு இல்லாத வீட்டின் வறுமையைப் பற்றி ஒரு தாய் பேசியபோது, நேர்த்தி வைத்து நடக்கும் நம்மிடம் இவ்வளவு நாளும் இதைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லையே என்று என் மனம் மிக நொந்தது. அடுத்த ஆண்டு நம் குழு முழுவதும் இங்கே ஒரு நாள் தரித்து அவர்களுடன் அமர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

புண் காய்ந்துவிட்டது. நாளை விடியுமுன் புறப்படுகிறேன். உகந்தை முருகன் கோயிலருகே கதிர்காமத்துக்கான காட்டுப்பாதை திறக்கும்வரை நீங்கள் காத்திருப்பீர்கள் அல்லவா, அதற்குள் வந்து சேர்வேன். இவ்வீட்டு இளைஞர் ஒருவரும் என்னோடு வருகிறார். காட்டுக்குள் செல்லும்போது அவரையும் நம் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி