போகிக்கு கேசட்ட எரிச்சிடாதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல போகிக்கு வீட்ட ஒழிக்கறதப் பத்தி போட்டிருந்தீங்க, நல்லாதான் இருந்துச்சு, ஆனா நடுவுல பழைய வீடியோ கேசட்டு, டிவிடி எல்லாம் இனிமே எதுக்கு, அதான் எல்லாம் போன்லயே வருதேன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதப் படிச்சதுலேர்ந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

நான் இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல பழைய பேய்ப்படம், சயின்ஸ் பிக்‌ஷன் படமா சேர்த்துட்டு வர்றவன், எங்க வீட்ல அதுக்கு பேரு பேய் பீரோ. மொதல் சரக்கு வந்தது பாண்டிலேர்ந்து, தெரிஞ்ச ஒரு சொல்தா குடும்பம் (பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க), பிரான்சுலேர்ந்து வந்தப்ப அட்டப்பெட்டி நிறைய கேசட்டு கொண்டாந்துட்டு பாக்க ஆளில்லாம என்கிட்ட குடுத்துட்டாங்க. கலர பதியற முறை நாட்டுக்கு நாடு வேற, நம்ம ஊர் டெக்கு PALனு ஒரு சிஸ்டம், பிரான்ஸ் கேசட்டு SECAMனு வேற சிஸ்டம், போட்டா படம் ஓடும் ஆனா கலர் வராது, வெறும் கறுப்பு வெள்ளைதான். உள்ள இருந்தது 1931ல வந்த பிராங்கன்ஸ்டைன், ஒரு விஞ்ஞானி பொணத்த ஒட்டி உண்டாக்கற பூதத்தோட கதை, படமே கறுப்பு வெள்ளை, நமக்கென்ன நஷ்டம்! பேசறது பிரெஞ்சு, ஒரு வார்த்தை புரியல, அம்மா மட்டும் பின்னாடி நின்னு பாத்துட்டு அந்த பூதத்துக்கு பாவம்டான்னு சொன்னாங்க, பூதமா நடிச்ச போரிஸ் கார்லாஃபோட நடிப்புக்கு அதவிட பெரிய விமர்சனம் நான் படிச்சதில்ல.

அந்தப் படத்துல ஏரிக்கரையில ஒரு சின்னப் பொண்ணு பூவ தண்ணில போட்டு மிதக்க விடும், பூதமும் கூட சேர்ந்து போடும், கையில பூ தீர்ந்ததும் பொண்ணும் மிதக்கும்னு நெனச்சு தூக்கிப் போட்டுடும். சென்சார்ல அத வெட்டிட்டாங்க, பூதம் பொண்ணுகிட்ட கைய நீட்டறதோட சீன் நின்னுடும். அப்ப பாக்கறவனுக்கு என்ன தோணும், அது வேணும்னே என்னமோ பண்ணிடுச்சுன்னு தான தோணும், வெட்டினதாலயே காட்சி இன்னும் கொடூரமாப் போச்சு. அந்த துண்டு திரும்ப ஒட்டினது 1980கள்ல, வீடியோவுல படம் வந்தப்பதான். அதனால எந்த வருஷத்து கேசட்டுல என்ன இருக்குன்றது எங்களுக்கு முக்கியம், ஒரே படம் மூணு பிரதி எதுக்குன்னு வீட்ல கேக்கறாங்க, இதுக்குதான்.

ஜெர்மனில 1922ல டிராகுலா கதைய அனுமதி வாங்காம எடுத்த நோஸ்ஃபெராட்டுன்ற பேய்ப்படத்த மொத்தமா அழிச்சிடுங்கன்னு கோர்ட்டே சொல்லிச்சு, டிராகுலா எழுதினவரோட மனைவி போட்ட கேஸு. அங்கங்க தங்கிப்போன பிரிண்டாலதான் இன்னிக்கு நாம பாக்கறோம். மெட்ரோபோலிஸ்னு 1927ல வந்த ஜெர்மன் சயின்ஸ் பிக்‌ஷன் படம், அதுல காணாம போன இருவத்தஞ்சு நிமிஷம் 2008ல எங்க கெடச்சுது? அர்ஜென்டினாவுல ஒரு மியூசியத்துல சார்! யாரோ ஒருத்தர் தூக்கிப் போடாம விட்டதுதான் காரணம்.

நம்ம ஊருக்கும் வருவோம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படக்கம்பெனி அமெரிக்காக்காரங்களோட சேர்ந்து 1952லயே காடுன்னு எடுத்தாங்க, மாமத்னு அழிஞ்சுபோன அந்தக் காலத்து சடை யானையெல்லாம் வரும். எம்.ஜி.ஆரோட கலை அரசி 1963, வேற்றுக்கிரகத்துக்காரன் பாட்டுக்காக பானுமதியம்மாவ தூக்கிட்டுப் போற கதை. இதோட நல்ல பிரதி தேடித் தேடி செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். போன்ல எல்லாம் வருதுன்றீங்க, நான் காசு கட்டி பாத்துட்டிருந்த ஒரு படம் ரெண்டு மாசத்துல காணாமப் போச்சு, கேட்டா உரிமை முடிஞ்சிடுச்சாம். என் பீரோவுல உரிமை முடியாது, கரையான்தான் வரும்.

பொய் சொல்லல, கடலோரத்துல இத காப்பாத்தறது லேசு இல்ல. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கூரை ஓடு பறந்து அறுவது கேசட்டு நனைஞ்சுது, பாதிக்கு மேல வெள்ளையா பூசணம். பூசணம் புடிச்சத அப்படியே டெக்குல போட்டா டேப்ப படிக்கற ஹெட்டுல ஒட்டிக்கும், அடுத்து போடற நல்ல கேசட்டுக்கும் பரவிடும், யாரும் அந்த தப்ப பண்ணிடாதீங்க. புஸ்தகம் மாதிரி நிக்க வெச்சு, வருஷத்துக்கு ஒரு தடவ முழுசா ஓட்டி திரும்ப சுத்தி வெச்சா தாங்குது. டிவிடிக்கு எந்தெந்த நாட்டுல ஓடணும்னு ரீஜன் நம்பர் ஒண்ணு இருக்கு, பிரான்சுலேர்ந்து வந்த டிவிடி ரீஜன் 2, நமக்கு 5, ஓடலன்னதும் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு காயலான் கடைக்கு போட்டுடறாங்க, எல்லா ரீஜனும் எடுக்கற பிளேயர்ல அது ஜம்முனு ஓடும்.

பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல கெளறினா இப்பவும் எப்பவாச்சும் ஒண்ணு மாட்டும், மத்ததெல்லாம் கிலோ கணக்குல போயிடுது, இல்லன்னா போகில பிளாஸ்டிக்கோட சேர்ந்து கரும்புகையா போயிடுது, அந்த புகை நமக்கே கேடு. எரிக்கறதுக்கு முன்னாடி லேபிள ஒரு தடவ படிச்சுப் பாருங்க, இல்ல பக்கத்துல சேர்க்கறவங்க யாராச்சும் இருந்தா கூப்ட்டு காட்டுங்க. பாண்டிலயோ கடலூர்லயோ ஏதாவது ஒரு லைப்ரரில ஈரம் படாத ஒரு அலமாரி ஒதுக்கினா என் பீரோவுல இருக்கறதையும் நானே கொண்டாந்து அடுக்கிடறேன்.

லெட்டர போகிக்கு முன்னாடியே போட்டுடுங்க சார், அப்புறம் போட்டு பிரயோஜனமில்ல.

இப்படிக்கு,
பேய் பீரோக்காரன்,
மஞ்சக்குப்பம், கடலூர்