உன் மகளின் கொப்பியில் வெட்டுப்பட்ட சொல்

எடி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் தமிழ் வகுப்புக் கொப்பியில் "நானும் அம்மம்மாவும் கதைத்தோம்" என்று எழுத, படிப்பிக்கிறவர் அதைச் சிவப்பு மையால் வெட்டிப் "பேசினோம்" என்று போட்டுவிட்டார் என்று எழுதியிருந்தாய். வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பிள்ளை எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. இங்கே யாழ்ப்பாணத்தில் அம்மம்மா பேசினவா என்றால் பிள்ளைக்கு ஏச்சு விழுந்தது என்றல்லவா பொருள்! "நேற்று அப்பா நல்லாப் பேசிப்போட்டார்" என்று ஒரு பெடியன் சொன்னால், ஐயோ பாவம், என்ன குழப்படி செய்தாய் என்றுதான் கேட்போம். அதைவிட்டால் கலியாணம் பேசுவது, விலை பேசுவது. மற்றதெல்லாம் எங்களுக்குக் கதைதான்.

கொச்சை என்று அவர் நினைத்தாரோ தெரியாது. கதை என்ற சொல் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, அங்கேயே அதற்கு உரையாடல் என்ற பொருளும் உண்டு, சொல்லுகிற கதை என்ற பொருளும் உண்டு. தமிழ்நாட்டில் பின்னது மட்டும் பெரிதாக நிலைத்தது, நாங்கள் இரண்டையும் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அப்புறம், எங்கள் சொற்களை அகராதிக்காரர் ஒதுக்கினதும் இல்லை. 1842இல் இங்கே மானிப்பாய் அகராதி வந்தது, சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியைப் புரட்டினால் "யாழ். அக.", அதாவது யாழ்ப்பாண அகராதி, என்ற குறிப்பு எத்தனையோ சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஆனால் எனக்குப் பெரிய ஆசை, அகராதியில் இருப்பதை அல்ல, சந்தையிலும் படலையடியிலும் இந்தச் சொல் எடுக்கிற வேஷங்களை அவளுக்குக் காட்டவேண்டும் என்பதுதான். போன கிழமை எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒருத்தர் கத்தரிக்காயைத் தடவித் தடவி விலை கேட்டுக்கொண்டு நிற்க, கடைக்கார அம்மா பையை விரித்துப் பிடித்தபடி, "தம்பி, சும்மா கதை குடுத்துக்கொண்டு நிக்காமல் வாங்கிறதெண்டால் வாங்கும்" என்றா. கதை குடுப்பது என்றால் ஆளைப் பேச்சில் பிடித்து வைத்திருப்பது, சிலவேளை வாயைக் கிளறுவதும்தான். கதை விடுவது பொய், ஊரில் ஒரு கதை அடிபடுகுது என்றால் வதந்தி. "அவையளோடை எங்களுக்குக் கதை இல்லை" என்றால் வேலிச் சண்டையோ காணிச் சண்டையோ, இரண்டு வீட்டுக்கும் முகம் பார்த்துப் பல காலம். "கனக்கக் கதையாதை" என்று ஒருவர் குரலை இறக்கிச் சொன்னால், அது வாயை மூடு என்பதைவிடக் கடுமையான எச்சரிக்கை, அடுத்து கை நீளலாம். அந்தப் பெடியன் இவளோடை கதைக்கிறானாம் என்று ஒரு மாதிரி இழுத்துச் சொன்னால் அதற்கு வேறு பொருள், அதை நீயே அவளுக்கு விளங்கப்படுத்து, பதினாலு வயதாகிறது, தெரியத்தான் வேண்டும்.

இதெல்லாம் எழுதிப் படிப்பிக்கிற விஷயமில்லை, யார், எந்தக் குரலில், ஆரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதோடு சேர்ந்தே காதில் ஏறவேண்டும். தொலைவில் வளர்கிற பிள்ளைக்கு அது வீட்டிலிருந்துதான் கிடைக்கும், அந்த வீட்டுச் சொல்லையே பிழை என்று வெட்டினால் அவள் அடுத்த முறை அம்மம்மாவுக்கு முன்னால் வாய் திறக்க யோசிப்பாள். நீ ஒருக்கால் போய் ரீச்சரோடு நேரே கதை. சண்டை வேண்டாம், ஆறுதலாகச் சொல். பரீட்சைக்குப் "பேசினோம்" என்று எழுதவேண்டும் என்றால் எழுதட்டும், ஆனால் மற்றது பிழை என்று சொல்லக்கூடாது.

இங்கே சோளகக் காற்று அடித்து முற்றமெல்லாம் புழுதி. அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது, உன்னை விசாரித்தவா. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் நிற்க முடியாவிட்டாலும் தேருக்காவது வந்து சேருங்கோ. டிக்கெட் போட்டதும் அறிவி, மேல் அறையைத் துப்பரவாக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குக்காரி