பழைய துப்பாக்கியைத் துலக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பழைய லீவர் ரைபிள்களின் விலை ஏறிக்கொண்டே போவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பென்சில்வேனியாவில் நெடுங்காலமாக வாழ்கிறேன். வேட்டைக்குப் போகும் வழக்கம் எனக்கு இல்லை என்றாலும், பழைய இயந்திரங்கள் மீதுள்ள ஈடுபாட்டால் இத்துப்பாக்கிகளை அருகிலிருந்து கவனித்து வருகிறேன். ஏலத்தொகைகளை விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, அந்தத் தொகை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. பழையதாக இருந்தாலே பணம் என்று எண்ணிக்கொள்ளும் குடும்பங்கள் கையிலிருக்கும் மதிப்பைத் தாங்களே அழித்துவிடுவதைக் கண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

விசையைச் சுற்றியுள்ள வளையக் கைப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழுந்து அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடும் என்பதே இவற்றின் அமைப்பு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து ஹென்றி ரைபிள் ஏறத்தாழ 14,000 மட்டுமே செய்யப்பட்டது; அதன் விலை உயர்வில் வியப்பில்லை. ஆனால் வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873 மாடல் 7 லட்சத்துக்கு மேலும், ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894 மாடல் 70 லட்சத்துக்கு மேலும் தயாரிக்கப்பட்டவை. பண்ணை வீட்டுக் கதவின் பின்னால் சாத்தி வைத்திருந்த சாதாரண உடைமைகள் அவை. இவ்வளவு பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்ட ஒரு பொருளுக்கு அருமை எங்கிருந்து வந்தது என்பதுதான் கட்டுரை கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஒரு காரணம் செய்முறையில் இருக்கிறது. 1964இல் செலவைக் குறைப்பதற்காக, கடைந்தெடுத்த எஃகுப் பாகங்கள் சிலவற்றுக்குப் பதிலாகத் தகட்டை அச்சில் அடித்த பாகங்களை வின்செஸ்டர் நிறுவனம் பயன்படுத்தத் தொடங்கியது. அன்று முதல் 'அறுபத்து நான்குக்கு முந்தியது' என்பதே சந்தையில் ஒரு தரச் சொல்லாகிவிட்டது. 2006இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் ஆலை மூடப்பட்டதும், இனி வராது என்ற எண்ணம் சாதாரணத் துப்பாக்கிகளின் விலையையும் தூக்கிவிட்டது. மார்லின் என்ற மற்றொரு நிறுவனத்தின் துப்பாக்கிகளிலும் இதே கதைதான். நிறுவனம் கைமாறுவதற்கு முன் செய்யப்பட்டதைக் காட்டும் 'ஜேஎம்' முத்திரை குழலில் இருக்கிறதா என்றுதான் வாங்குபவர்கள் முதலில் தேடுகிறார்கள். இன்னொன்று சட்டம் சார்ந்தது: 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றை மத்திய அரசின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளாகக் கருதி வழக்கமான துப்பாக்கிக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குவதால், ஒரே வடிவம் கொண்ட இரண்டு துப்பாக்கிகளில் ஓராண்டு மூத்தது கூடுதல் விலைக்குப் போவதுண்டு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, துப்பாக்கி பிறந்த மேனியோடு இருக்கிறதா என்பது. ஆலையில் ஏற்றிய நீல மெருகு, காலத்தால் பழுப்பேறிய உலோகம், கைபட்டுக் கைபட்டு மழுங்கிய வால்நட் கட்டை ஆகிய மூன்றையும் எவராலும் திரும்பச் செய்ய முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி, தம் கணவரின் தாத்தா வாங்கிய 1894 மாடலை, எண்கோணக் குழலுடன் கூடிய தொடக்ககாலத் துப்பாக்கியை, விற்பதற்கு முன் 'புதிது போல ஆக்கித் தருகிறோம்' என்ற ஒரு கடைக்காரரிடம் கொடுத்தார். அவர் குழலைச் சாணை பிடித்து, எழுத்துகளின் விளிம்பு கரையும்வரை தேய்த்து, மறுபடி நீலமேற்றித் திருப்பித் தந்தார். அதன் பிறகு வந்த விலைக்கேட்பு முன்பு கேட்கப்பட்டதில் பாதிகூட இல்லை. பணத்தைவிட, தம் கணவர் சிறுவயதில் விரல் வைத்துத் தடவிய எழுத்துகள் போய்விட்டன என்றுதான் அவர் வருந்தினார். அந்த வருத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வை அமெரிக்காவில் பலரும் அறிவர். 2014 நவம்பரில், நெவாடா மாநிலத்துக் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்த நிலையில் 1873 மாடல் ஒன்று கிடைத்தது. யாரோ சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பி வராமல் போயிருக்கிறார். கட்டை வெளிறி வெடித்து, அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. வயோமிங் மாநிலத்துக் கோடி என்னும் ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகம் அதைச் செப்பனிட்டுப் புதிதாக்கவில்லை. மேலும் சிதையாமல் மட்டும் காத்தது. வரிசை எண்ணைக் கொண்டு பழைய ஆலைப் பேரேடுகளைப் புரட்டி, 1882இல் செய்து அனுப்பப்பட்டது என்று கண்டறிந்தார்கள். வாங்கியவர் யார் என்பது பேரேட்டில் இல்லை. அந்தப் பேரேடுகளிலிருந்து எழுதித் தரப்படும் சான்றுக் கடிதம்தான் இன்று சேகரிப்பாளர்கள் மிகவும் மதிக்கும் ஆவணம். குழலின் வகை, தோட்டாவின் வகை, ஆலையிலிருந்து வெளியேறிய நாள் ஆகியவை அதில் இருப்பதால், பின்னால் மாற்றப்பட்ட பாகமும் போலியும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

தங்கள் கட்டுரை வியந்து குறிப்பிட்ட, 2016இல் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு ஏலம் போன 1886 மாடலும் ஆவணத்தின் பலத்தால்தான் அவ்விலையை எட்டியது. வரிசை எண் 1 கொண்ட அத்துப்பாக்கி, அப்பாச்சே பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திச் சென்ற கேப்டன் லாட்டனுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. ஒரு மக்கள் கூட்டம் மண்ணை இழந்த நிகழ்வு அந்தத் தொகைக்குள் இருக்கிறது என்பதை எழுதாமல் விட்டது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில், ஒவ்வொரு குண்டாக நிரப்பும் துப்பாக்கி வைத்திருந்த அமெரிக்கப் படையை எதிர்த்து லகோட்டா, செயென் பழங்குடி வீரர்கள் சிலர் ஏந்தியதும் இதே ஹென்றி, வின்செஸ்டர் ரைபிள்கள்தாம். அவர்கள் கையிலிருந்தவற்றுக்குப் பேரேட்டில் பெயரில்லை. ஆகவே சந்தையிலும் அவர்களுடைய வரலாறு எளிதில் விலையாவதில்லை.

அடுத்த முறை இத்துறை பற்றி எழுதும்போது, மெருகூட்டுவதற்கு முன் வரிசை எண்ணைக் கொண்டு விசாரிக்கும்படி ஒரு வரியாவது சேர்க்க வேண்டுகிறேன். இங்கே வீடு வாங்கும் தமிழர்களுக்கும் பரணிலோ நிலவறையிலோ முந்தைய குடும்பம் விட்டுச் சென்ற துப்பாக்கி கிடைப்பதுண்டு. மாநிலச் சட்டத்தை அறிந்த ஒருவரை முதலில் கேட்கட்டும். அதுவரை உப்புத்தாளும் பாலீஷும் அதன் அருகே போக வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பென்சில்வேனியா, அமெரிக்கா