தகட்டுக்குப் போட்ட வரி

திருவொற்றியூர்,
சென்னை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். "வெளிநாட்டு எஃகுத் தகட்டுக்கு வரியைப் போட்டு எங்க வயித்துல அடிக்கிறாங்கப்பா" என்று நேற்று போனில் சொன்னாய். பக்கத்தில் அம்மா மோர்மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். இருமியதில் பதில் சொல்ல முடியவில்லை. அதான் இந்தக் கடிதம்.

நீ புனேயில் தகடு வாங்குகிறவள். நான் கும்மிடிப்பூண்டியில் 26 வருஷம் தகடு ஓட்டியவன். ஆனால் எங்கள் மில்லும் வாங்குகிற இடம்தான். பெரிய ஆலையிலிருந்து தடித்த காயில், அதாவது சுருட்டிய எஃகுத் தகடு, வரும். அதை ஆசிட் தொட்டியில் முக்கி, மேலே படிந்த செதிலை எடுத்து, ரோலில் விட்டு மெல்லிசாக்கி விற்போம். என் இடது உள்ளங்கையில் இருக்கும் கோடு ஜோசியக்காரன் சொன்னது இல்லை, தகட்டு விளிம்பு போட்டது.

2015ல் சீனா 11 கோடி டன்னுக்கு மேல் எஃகை வெளியே தள்ளியது. அங்கே கட்டட வேலை மந்தமாகிவிட்டது, உலையை அணைக்க அவர்களுக்கு மனமில்லை. அதற்கு முன்பு ஒரு தந்திரமும் செய்தார்கள். எஃகில் போரான் என்ற தனிமத்தைத் துளி கலந்தால் அலாய், அதாவது கலப்பு எஃகு, என்று பேர் மாறிவிடும், ஏற்றுமதி செய்தால் அந்த அரசாங்கம் வரியைத் திருப்பிக் கொடுக்கும். சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிற அளவுதான்!

அந்த செப்டம்பரில் தில்லி 20 சதவீதம் பாதுகாப்பு வரி போட்டது, இறக்குமதி குவிந்து உள்ளூர் ஆலை நொடிந்துபோகாமல் இருக்க. மில்லில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள்தான் விஷயம் புரிந்தது. வரி சூடாக உருட்டிய காயிலுக்கு மட்டும், அதாவது நாங்கள் வாங்கும் சரக்குக்கு. நாங்கள் விற்கும் மெல்லிய தகடோ அந்த வரி இல்லாமல் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்று ஷிப்ட் ஒன்றாயிற்று. உன் செமஸ்டர் ஃபீஸுக்கு அத்தையிடம் கை நீட்டியது அப்போதுதான். உன்னிடம் சொல்லவில்லை.

2016 பிப்ரவரியில் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள், அதற்குக் கீழே விலை போட்டு இறக்கக் கூடாது என்று. ஆகஸ்டில் சீனா, ஜப்பான், கொரியா, உக்ரைன் தகட்டுக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரியும் (மலிவு விலையில் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கிற வரி) வந்தது. மூன்று ஷிப்டும் திரும்பியது. ஆசிட் தொட்டியில் நின்ற கான்ட்ராக்ட் ஆட்களை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. புது ஆட்களைக் குறைந்த கூலிக்கு எடுத்தார்கள். யூனியனில் நாங்களும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்போதைய வரி விஷயம் கொஞ்சம் வேறு. 2025 ஏப்ரலில் 200 நாளுக்கு என்று வந்தது, டிசம்பரில் மூன்று வருஷமாக்கினார்கள்: முதல் வருஷம் 12 சதவீதம், அப்புறம் 11.5, அப்புறம் 11. மெல்லிய தகட்டையும் இந்த முறை சேர்த்திருக்கிறார்கள். சூடாக உருட்டிய காயில் டன்னுக்கு 675 டாலரோ அதற்கு மேலோ விலையில் வந்தால் இந்த வரியே கிடையாது. உன் கொட்டேஷனை எடுத்துப் பார். அடிமாட்டு விலை சரக்குக்குத்தான் அடி. அந்த விலையை நம்பி உன் கம்பெனி கணக்குப் போட்டிருந்தால் அது உங்கள் கணக்கின் கோளாறு. கோபப்படாதே.

இந்த வரி வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் வரியால் பிழைக்கிற ஆலை இத்தனை பேரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் அந்த உத்தரவில் சேர்த்து எழுத யாருக்கும் தோன்றவில்லையே, அதுதான் ஆற்றாமை.

அந்தத் தொட்டி ஆட்களில் ஒடிசாக்காரர் ஒருவர் பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவார். நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாய், உனக்கு முறுக்கு வாங்கிக் கொடுப்பார். இப்போது உன் புனே பக்கம் சாக்கனில், தகட்டை அழுத்திப் பாகங்கள் செய்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலையாம். தகடு விலை ஏறியதால் அங்கேயும் ஓவர்டைம் குறைந்துவிட்டது என்றார். உன் நம்பர் கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் எடு.

அன்புடன்,
அப்பா