வெள்ளி ஜாதிக்காய்த் துருவி: வாங்குமுன் ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

நீ வாங்க நினைக்கும் வெள்ளிப் பெட்டியைப் பற்றிய, உள்ளே ஜாதிக்காய் துருவும் தகடு வைத்த அந்தச் சிறு பெட்டியைப் பற்றிய, கடிதமும் படங்களும் கிடைத்தன. விற்பவர் வெள்ளியில் குத்திய முத்திரையை மட்டும் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறார். நீ முதலில் பார்க்க வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் துருவித் தகடு.

அது வெள்ளியாக இருக்காது. ஜாதிக்காயில் தேய்த்தால் வெள்ளிப் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். அதனால் இரும்புத் தகட்டை ஒரு பக்கமிருந்து குத்தி, மறுபக்கம் எழும் பிசிறையே பல்லாக விட்டு, வெள்ளீயம் பூசினார்கள். பூச்சு போன இடத்தில் துரு ஏறும். எண்ணெய்ப் பிசுக்கோடு லேசாகத் துரு இருந்தால் கவலைப்படாதே. தகடு புத்தம்புதிதாக மின்னி, ஓட்டைகள் அச்சடித்தாற்போல் இருந்தால்தான் சந்தேகப்படு, மாற்றியிருக்கலாம்.

அடுத்து கீல். ஓரத்தில் சாம்பல் நிறப் பற்று தெரிந்தால் அது ஈயம். பிறகு யாராவது வெள்ளிப் பொடி வைத்து நெருப்பில் ஊதிப் பற்றவைத்தால், சூட்டில் ஈயம் வெள்ளிக்குள் இறங்கி அரித்து ஓட்டையாக்கிவிடும். அப்படிப்பட்டதை விட்டுவிடு.

முத்திரையில் நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளியைக் குறிக்கும். நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரைக் குறிக்கும், அங்கே வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் கூடம் வந்தது 1773இல். ஆள்பவரின் தலை, 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கான அடையாளம். உன் படத்தில் மூன்றும் இருக்கின்றன. மூடியில் உள்ளவை உடலில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்.

பஞ்ச் என்ற கலவை மதுபானத்தில் துருவிப் போடச் சட்டைப்பையில் ஜாதிக்காய் கொண்டுபோன காலத்துப் பொருள் இது. அந்த ஒரு விதைக்காக 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன், ஜாதிக்காய் விளைந்த பாந்தா தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா) ஏறக்குறைய ஒரு மக்கள்கூட்டத்தையே அழித்தார். கொன்றது போக, மிஞ்சியவர்களில் பலர் பட்டினியில் மாண்டார்கள், பலர் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். இதை நினைக்காமல் அந்தப் பெட்டியைக் கையில் எடுக்க முடியாது. 1667இல் இரு நாட்டாரும் செய்த பிரெடா உடன்படிக்கையில், பாந்தாவைச் சேர்ந்த ரன் தீவு டச்சுக்காரருக்கு, நியூ ஆம்ஸ்டர்டாம் (இன்றைய நியூயார்க்) ஆங்கிலேயருக்கு என்று உறுதியானது. வெளியே யாரும் முளைக்க வைத்துவிடக் கூடாதென்று டச்சுக்காரர்கள் விதையைச் சுண்ணாம்பில் தோய்த்தே அனுப்பினார்கள். அப்படியும் 1770இல் பிரெஞ்சுக்காரர் பியர் புவாவ்ரின் முயற்சியால் கன்றுகள் மொரீஷியஸ் சேர்ந்தன. 1796இல் ஆங்கிலேயர் பாந்தாவைப் பிடித்து, பினாங்குக்கும் கன்றுகள் கொண்டுபோனார்கள். உன் பெட்டி டச்சுக்காரரின் அந்த ஜாதிக்காய் ஏகபோகம் உடைந்துகொண்டிருந்த காலத்தது.

வாங்கினால், கறை போக்க வெள்ளி துலக்கும் திரவத்தில் முக்காதே, உப்புநீர் வைத்தியமும் வேண்டாம். வெள்ளி வெளுக்கும், தகடு துருப்பிடிக்கும். தகட்டுக்குக் காய்ந்த பிரஷ் போதும். ரப்பர் வளையம் போட்டு வைக்காதே. அதிலுள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு விழவைக்கும்.

மூடியைத் திறந்து, தகட்டை மேலிருந்து எடுத்த படம் ஒன்று கேட்டு வாங்கி அனுப்பு.

அன்புடன்,
முரளி