கைப்பழக்கத்தை யார் சொல்லித் தருவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் நிலைத்து நிற்கும் வேலைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். செவிலியர், ஆசிரியர், மனநல ஆலோசகர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், முதியோரைப் பார்த்துக்கொள்பவர் என்று பட்டியல் சரியாகத்தான் இருக்கிறது. 31 வருடம் வார்டில் வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் மாணவிகளைப் பக்கத்தில் வைத்துப் பழக்கியிருக்கிறேன். என் தொழில் அந்தப் பட்டியலில் முதலில் இருந்ததில் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் 'மென்திறன்கள்' என்ற வார்த்தை கட்டுரையில் திரும்பத் திரும்ப வருகிறது. அன்பு, பொறுமை, அனுசரணை எல்லாம் மனிதருக்குப் பிறவியிலேயே உண்டு, இயந்திரத்துக்கு இல்லை, ஆகவே இந்த வேலைகள் பத்திரம் என்கிறது கட்டுரை. இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் வேலைக்கு வேண்டியது பிறவியில் வருவதில்லை. ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தர, வருடக்கணக்கில் கையிலும் கண்ணிலும் ஏறுவது அது.

கையில் ட்ரிப்ஸ் ஏற்ற ஊசி போடுவதையே பாருங்கள். புதிதாக வரும் மாணவி கண்ணால் நரம்பைத் தேடுவாள். பச்சையாகத் தெரிவதைக் குத்துவாள், அது வழுக்கிக்கொண்டு ஓடும். வயதானவர்கள் கையில் அப்படித்தான், நன்றாகத் தெரியும் நரம்புதான் ஏமாற்றும். "கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடு" என்பேன். நல்ல நரம்பு விரலை மெல்லத் திருப்பித் தள்ளும். தசைநாண் கயிறுபோல் விறைப்பாக இருக்கும். துடித்தால் அது தமனி, விட்டுவிட வேண்டும். இடது கட்டைவிரலால் தோலைக் கீழே இழுத்துப் பிடித்து, ஊசியில் ரத்தம் எட்டிப் பார்த்ததும் சாய்வைக் குறைத்து, இன்னும் கொஞ்சமே கொஞ்சம் உள்ளே. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும், கைக்கு வர மாதங்கள் ஆகும். நரம்பைத் தோலின்மேல் படமாகக் காட்டும் அகச்சிவப்புக் கருவிகள் இப்போது இருக்கின்றன. நல்ல உதவிதான். ஆனால் இடத்தைத்தான் அது காட்டும், பயத்தில் கையை இழுத்துக்கொள்ளும் குழந்தையைப் பேச்சுக் கொடுத்துப் பிடிப்பது வேறு வேலை.

ரோபோ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் மொராவெக் 1988இலேயே இதைத் தொட்டுச் சொன்னார்: அறிவுத் தேர்விலும் பலகை விளையாட்டிலும் பெரியவர்களுக்கு ஈடாகக் கணினியை ஆக்குவது எளிது, பார்ப்பதிலும் நடமாடுவதிலும் ஒரு வயதுக் குழந்தை அளவுக்கு அதைக் கொண்டுவருவதுதான் கடினம். 1997இல் உலகச் சதுரங்க சாம்பியன் காஸ்பரோவைக் கணினி வென்றுவிட்டது. ஒடுங்கலான குளியலறைக்குள் படுத்துக்கொண்டு, கை மட்டும் நுழைகிற சந்தில் குழாய் மாற்றுகிற பிளம்பருக்குப் பதில் இன்னும் எதுவும் வரவில்லை.

ஆறுதல் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரை மிக எளிதாகக் கடந்துபோன இடம் அதுதான். இயந்திரத்தால் ஆறுதல் சொல்ல முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், மனநல மருத்துவர்போல் கேள்வி கேட்கும் எலைசா என்ற சின்னக் கணினி நிரலை எழுதினார். நாம் சொன்னதையே திருப்பிக் கேட்பதுதான் அதன் வேலை. அதை அவர் உருவாக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்த அவருடைய செயலாளரே, அதனுடன் கொஞ்ச நேரம் பேசியதும், "நீங்கள் வெளியே போகிறீர்களா" என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். வைசன்பாம் ஆடிப்போனார். கணினியால் முடிந்தாலும் அதனிடம் ஒப்படைக்கக்கூடாத வேலைகள் உண்டு என்று பிறகு எழுதினார். இன்றைய நிரல்கள் எலைசாவைவிட எவ்வளவோ நயமாகப் பேசுகின்றன. தூக்கம் வராத இரவில் அவற்றிடம் பேசி மனம் லேசாகிறவர்கள் இருக்கிறார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நைட் டியூட்டியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்த பெரியவர் ஒருவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "மணி என்ன சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்னுடன் இருந்த மாணவி ஒவ்வொரு தடவையும் சரியான மணியைச் சொன்னாள். நான்காவது தடவை நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "தூக்கம் வரலையா ஐயா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் ஒன்றுமே பேசவில்லை. மாணவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கண்ணைக் காட்டி நிறுத்தினேன். இரண்டு நிமிடம் இருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரர் முந்தாநாள் இதே நேரத்தில்தான் போனார் என்றார் பெரியவர். தூங்கப் பயந்துகொண்டு விழித்திருந்திருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டேன், கை சில்லென்று இருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. நாடியைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார், பயப்பட ஒன்றுமில்லை. கேஸ் ஷீட்டில் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில் அவர் மகள் கேட்டபோது பதில் சொன்னதும் நான்தான். ஆறுதலை இந்தப் பொறுப்பிலிருந்து பிரித்து எடுத்துவிட முடியாது.

அந்த இரண்டு நிமிட மௌனம் மாணவிக்குத் தாங்கவில்லை. எனக்கும் முதல் வருடத்தில் தாங்கியதில்லை, எதையாவது சொல்லி நிரப்பிவிடுவேன். எனக்கு மூத்த சிஸ்டர் ஒருவர் என் தோளில் கை வைத்து நிறுத்தியதால் கற்றுக்கொண்டேன்.

என் கவலையே இந்தக் கற்றுக்கொள்ளும் இடத்தைப் பற்றியதுதான். முன்பெல்லாம் மாணவி மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடி எண்ணுவாள். அந்த நிமிடத்தில் தோல் சூடா சில்லிப்பா, மூச்சு எப்படி, முகம் என்ன சொல்கிறது என்று அவளை அறியாமலே பார்த்துவிடுவாள். இப்போது எண் தானாகவே மானிட்டரில் வருகிறது. மானிட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மாணவி இப்போது திரையைப் பார்க்கிறாள். எண்கள் எல்லாம் சரியாக இருக்கும்போதே "இவர் நேற்றுபோல் இல்லையே" என்று சொல்லும் கண் அவளுக்கு எப்படி வரும்?

மற்றத் தொழில்களிலும் இதே கதைதான். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த, இல்லவே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். அப்படி ஒரு தீர்ப்பைப் பார்த்ததும் இது உதைக்கிறதே என்று யாருக்குத் தோன்றும்? இளம் வயதில் பழைய தீர்ப்புகளை நாள்கணக்கில் புரட்டியவருக்குத்தான். அந்தப் புரட்டும் வேலையைத்தான் இப்போது முதலில் இயந்திரத்திடம் கொடுக்கிறோம். மொழிபெயர்ப்பில் முதல் வரைவு, கணக்கில் சரிபார்ப்பு, உங்கள் பத்திரிகைத் துறையில் சின்னச் செய்திகள், எல்லாம் இப்படித்தான். கடைநிலை வேலை என்று நினைத்து எடுத்துவிடுகிறோம். பள்ளிக்கூடமே அங்கேதான் இருந்தது.

செயற்கை நுண்ணறிவின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்று 2016இல் சொன்னார். ஐந்து வருடத்தில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். 2024இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மேதை அவர். ஸ்கேன் படத்தைப் படிக்கும் நிரல்கள் நிறையவே வந்துவிட்டன, ஆனாலும் பல நாடுகளில் இன்று கதிரியக்க மருத்துவர்களுக்குத் தட்டுப்பாடு. அவர் பேச்சைக் கேட்டுப் பயிற்சியை அன்றே நிறுத்தியிருந்தால்? ஒரு நிபுணரை உருவாக்கப் பல வருடங்கள் ஆகும், நினைத்த நேரத்தில் திரும்பத் தொடங்க முடியாது.

சம்பளத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2030க்குள் செவிலியர், சமூகப் பணியாளர், பராமரிப்பாளர் வேலைகள் பெருகும் என்று உலகப் பொருளாதார மன்றத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையும் சொல்கிறது. இயந்திரத்தால் முடியாத வேலை என்று புகழ்கிறார்கள், ஆனால் முதியோரைத் தூக்கி, துடைத்து, ஊட்டுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் குறைந்த கூலிதான். 'மென்' என்ற அடைமொழிக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பிறவிக்குணம் என்று சொல்லிவிட்டால் அதற்கு யார் பணம் கொடுப்பார்கள்?

எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று பெற்றோர்கள் என்னையும் கேட்கிறார்கள். அங்கே போனால் உங்கள் பிள்ளை பக்கத்தில் நின்று திருத்த ஒரு ஆள் இருக்கிறாரா, அதை முதலில் விசாரியுங்கள் என்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு தொழிலுக்கும் கீழே மூன்று விவரம் சேருங்கள்: கை படிய எத்தனை வருடம், யாரிடம் கற்க வேண்டும், கற்கும் காலத்தில் என்ன கிடைக்கும். செவிலியர் தொழிலுக்கு அந்த விவரங்களை எழுதித் தர நான் தயார். மற்றத் தொழில்களுக்கு, அவற்றில் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருப்பவர்களிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் நெடுநாள் வாசகி