இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிகிறது. விளையாட்டிலும் தமிழ்த்தினப் போட்டிகளிலும் பிள்ளைகள் திறமை காட்டினார்கள். சிரமதானத்துக்கு வந்த எல்லோருக்கும் நன்றி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில எங்கட பிள்ளைய இருத்த வேணாம்" என்று சிலர் அலுவலகத்துக்கு வந்தீர்கள். உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் நீங்கள் குழப்படி என்று நினைப்பது ஓட்டிசமாக, அதாவது மூளை பிறவியிலேயே வேறு விதமாக வளர்வதாக இருக்கலாம்.

சில பிள்ளைகள் பெரியவர்களைப் போலச் சரளமாகக் கதைப்பார்கள், ஆனால் எதிரில் இருப்பவரின் முகக்குறிப்புப் பிடிபடாது. உதயதேவி ரயில் மட்டக்களப்பில் இருந்து மாகோ வரை நிற்கும் நிலையங்களை வரிசை பிசகாமல் சொல்வார்கள், கேட்பவர் எழுந்து போனாலும் நிறுத்த மாட்டார்கள். "ஒரு நிமிஷம் இரு" என்றால் மணிக்கூட்டைப் பார்த்து அறுபதாவது வினாடியில் வந்து நிற்பார்கள். பாண்ட் வாத்தியச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுவதும், நேரசூசி திடீரென மாறினால் நிலைகுலைவதும் அடம் அல்ல. பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து நடந்து சமாளித்துவிடுவதால் பலவேளை யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்த வகையை முன்பு அஸ்பெர்ஜர் என்று தனியாகச் சொன்னார்கள். 2013 இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூல் அதை ஓட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. ஆகவே வைத்தியரின் அறிக்கையில் ஓட்டிசம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். இதில் ஒன்றிரண்டு எந்தப் பிள்ளையிடமும் இருக்கும். பல சேர்ந்து, வீட்டிலும் வகுப்பிலும் தொடர்ந்து தெரிந்தால் வகுப்பாசிரியரோடு கதையுங்கள், பிள்ளை நல வைத்தியரிடம் காட்டுங்கள். முடிவு சொல்வது வைத்தியரின் வேலை. ஆசிரியரும் சொல்லக்கூடாது, அயல்வீட்டாரும் சொல்லக்கூடாது.

இன்னொன்று. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் பெயரைப் போட்டு, "வளர்ப்புச் சரியில்லை" என்று குரல்பதிவு வந்திருக்கிறது. வளர்ப்பால் இது வருவதில்லை. இனி அப்படி ஒன்று வந்தால் அனுப்பியவரை நேரில் அழைப்பேன். எந்தப் பிள்ளையையும் வகுப்பு மாற்றவும் மாட்டேன்.

கோபத்தில் எழுதவில்லை, நீங்களும் அப்படி எடுக்காதீர்கள். இடைவேளையில் இப்பிள்ளைகளை விளையாட்டில் சேர்க்கச் சொல்லித் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்ட தாய்மார் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு மிக்க நன்றி. இதுபற்றிக் கதைக்க விரும்புவோர் விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் வாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்